எவ்ளோ நேரத்துக்கு?

பிளேஸ்மென்ட் சீசன் ஆரம்பிச்சதுல இருந்து ஹாஸ்டல் முழுக்க ஒரே பேச்சு, யாருக்கு எவ்வளவு பேக்கேஜ் என்பதுதான். "12 எல்பிஏ" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வருது. அப்புறம் ஆஃபர் லெட்டரை உட்கார்ந்து படிச்சா, ஜாயினிங் போனஸ் ஒரே ஒரு தடவை, வேரியபிள் பே கம்பெனிக்கு நல்ல வருஷமா இருந்தா மட்டும், கிராஜுவிட்டி வருஷக்கணக்கில் வேலை பார்த்த பிறகு. மாசம் கையில் வர்றது வேற. அந்த 12 பொய் இல்லை. அது எந்த நிபந்தனையில் உண்மை என்பதைத்தான் நாம படிக்கலை.

இதை எனக்குப் புரிய வச்சது ஒரு ஹெச்ஆர் இல்லை. ஒரு பழைய சோவியத் ரேடார் வால்வு. சிரிக்காதீங்க, முழுசா படிங்க. நான் எல்கேஜியில் இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல இவ்வளவு நீளமா எழுதுறது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தா எடிட்டோரியல் டீம் திருத்திடும்னு நம்புறேன்.

கேள்வி வந்த இடம்

எங்க ஊர்ல ரிட்டயர் ஆன ஒருத்தர் இருக்கார். ஹாம் ரேடியோ லைசென்ஸ் வச்சிருக்கார். நானும் என் ரூம்மேட்டும் அவரை "சார்"னுதான் கூப்பிடுவோம். மூணாவது வருஷ லீவுல அவர் வீட்டு மாடியில் முதல் தடவை ஒரு பவர் வால்வைக் கையில் எடுத்தேன். ட்யூப் என்றும் சொல்வாங்க. ஆனா ட்யூப்லைட் இல்லை. தாத்தா வீட்டு வால்வு ரேடியோவில் மினுக்குமே, அந்த ஜாதி. இதில் கண்ணாடி கிடையாது. வெள்ளை செராமிக், மேலே உலோகத் தகடு தகடா ஒரு ரேடியேட்டர். கையில் அடங்குற சைஸ். பெயர் ஜிஐ-7பி.

டேட்டாஷீட்டை போன்ல தேடி எடுத்தேன். ஆனோடு வோல்டேஜ், பல்ஸில் 9 கிலோவோல்ட் என்று இருந்தது. "சார், இது 9 கிலோவோல்ட் தாங்குமாம்! அப்போ கிலோவாட் கணக்கில் பவர் எடுக்கலாமே" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தாங்கும் தம்பி. எவ்ளோ நேரத்துக்கு?"

இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

ரேடார் எப்படி வேலை செய்யுதுன்னு யோசிங்க. ஒரு சத்தம் போட்டுட்டு எதிரொலிக்காகக் காத்திருக்குற மாதிரி. உதாரணத்துக்கு ஒரு பல்ஸ் 1 மைக்ரோ செகண்ட், செகண்டுக்கு 1000 பல்ஸ் என்று வச்சுக்கலாம். அப்போ ஒரு செகண்டில் வால்வு உண்மையில் வேலை பார்ப்பது ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். மீதி 999 பங்கு ஓய்வு. பல்ஸ் நேரத்தில் 10 கிலோவாட் கொடுத்தாலும் சராசரி வெறும் 10 வாட். நம்ம ரூம் எல்இடி பல்பு அளவு.

அந்த வால்வின் பெயரிலேயே இது எழுதியிருக்கு. ரஷ்யப் பெயரிடும் முறையில் முதல் எழுத்து 'ஜி' ஜெனரேட்டர் வகையைக் குறிக்கும். 'ஐ' என்பது இம்புல்ஸ், அதாவது பல்ஸ். கடைசியில் வரும் 'பி' காற்று ஊதிக் குளிர்விக்கணும் என்பதற்கு. பெயரைப் படிச்சிருந்தாலே நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டேன். நான் எண்ணை மட்டும் பார்த்தேன்.

அதே டேட்டாஷீட்டில் கொஞ்சம் கீழே வேற எண்கள் இருக்கு. தொடர்ச்சியா கொடுத்தால் 2.5 கிலோவோல்ட். ஆனோடு வெப்பமா வெளியேற்றக்கூடியது 350 வாட். ஹாம்களுக்கு முக்கியமான எண் இந்த 350தான். ஏன்னா நாம மைக்ரோ செகண்ட் கணக்கில் பேசறதில்லை. "ஹலோ, கேக்குதா" என்று சொல்லவே ஒரு செகண்ட் ஆகும்.

கணக்கு போட்டுப் பாருங்க. 2000 வோல்ட், 0.3 ஆம்பியர், மொத்தம் 600 வாட் உள்ளே போகுது. ஏபி கிளாஸில் சுமார் 60 சதவீதம் எஃபிஷியன்சி என்றால் 360 வாட் ஆன்டெனாவுக்கு, 240 வாட் வெப்பமாக. 350-க்குள் இருக்கு, ஃபேன் ஒழுங்கா ஓடினால் வால்வு பல வருஷம் உழைக்கும். டேட்டாஷீட்டின் பெரிய எண்ணைப் பார்த்து மயங்குகிற என்னை மாதிரி ஆளுக்கு இந்த 360 சப்புனு இருக்கும். ஆனா அதுதான் அதோட இன்-ஹேண்ட் சம்பளம்.

அப்போ 9 கிலோவோல்ட் வீணா? அதுவும் இல்லை. ஆம்ப்ளிஃபையர் ஓடும்போது ஆனோடில் இருக்கும் வோல்டேஜ் டிசி அளவிலேயே நிற்காது. சிக்னலோட சேர்ந்து ஏறி இறங்கும், உச்சத்தில் டிசியைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரை போகும். ஆன்டெனா ஒயர் கழன்று போனால் இன்னும் எகிறும். பல்ஸுக்காகச் செய்த உடம்பு அந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கும். பவராக எடுக்க முடியாத அந்த எண் பாதுகாப்பு மார்ஜினாக நமக்குக் கிடைக்குது.

ஹாம் கையிலிருந்து ரேடாருக்கு, மறுபடி ஹாம் கைக்கு

ரேடார் வால்வு ஹாம்களிடம் எப்படி வந்துச்சு? இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிச்சது.

1934-ல் கலிஃபோர்னியாவில் பில் ஐட்டல், ஜாக் மெக்கல்லா என்று இரண்டு பேர் ஒரு வால்வு கம்பெனி ஆரம்பிச்சாங்க. பெயர் எய்மாக். ரெண்டு பேருமே ஹாம்கள். ஹாம்கள் வால்வைப் படுத்துற பாடு அவங்களுக்குத் தெரியும். அதனால ஓவர்லோடு தாங்குகிற மாதிரி செய்தாங்க. அந்தச் சமயத்தில் அமெரிக்க ராணுவமும் கடற்படையும் ரகசியமா ரேடார் சோதனை பண்ணிட்டு இருந்தாங்க. பல்ஸில் ஹை வோல்டேஜ் கொடுத்தாலும் உடையாத வால்வு வேணும். ஹாம்களுக்காகச் செய்த வால்வு அங்கே போய் உட்கார்ந்தது.

1945-ல் போர் முடிந்ததும் எல்லாம் மிச்சம். நியூயார்க்கில் கோர்ட்லாண்ட் ஸ்ட்ரீட்டைச் சுற்றி ரேடியோ ரோ என்று ஒரு கடைவீதி இருந்தது. நம்ம ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி என்று வச்சுக்கோங்க. ராணுவ மிச்ச சாமான்கள் அங்கே குவிந்தன. ஹாம்கள் வாங்கிட்டுப் போய் ஆம்ப்ளிஃபையர் கட்டினாங்க. அந்தக் கடைவீதியை இடித்துத்தான் 1960-களில் வேர்ல்டு டிரேட் சென்டர் கட்ட ஆரம்பிச்சாங்க.

1946 ஜனவரியில் நியூ ஜெர்சியில் அமெரிக்க ராணுவ இன்ஜினியர்கள் ஒரு ரேடாரை மாற்றியமைத்து நிலாவுக்கு சிக்னல் அனுப்பி எதிரொலியைப் பிடிச்சாங்க. விமானத்துக்காகச் செய்த கருவியை நிலா பக்கம் திருப்பியது ராணுவம். அதையே பேசுறதுக்கான வழியாக மாத்தினது ஹாம்கள். 1960 ஜூலையில் அமெரிக்காவின் இரண்டு ஹாம் குழுக்கள் நிலாவில் சிக்னலை மோதவிட்டு ஒருத்தரோடு ஒருத்தர் தொடர்பு கொண்டாங்க. அதில் ஒன்று எய்மாக் ஊழியர்களின் ரேடியோ கிளப்.

1991-ல் சோவியத் யூனியன் உடைந்ததும் இதே கதை இன்னொரு தடவை நடந்தது. ராணுவக் கிடங்குகளில் பெட்டி பிரிக்காமல் கிடந்த வால்வுகள் வெளியே வந்தன. நான் கையில் பிடிச்ச ஜிஐ-7பி அந்த வழியில் வந்ததுதான்.

இந்த ரெண்டு தடவையும் வால்வை வாங்கினவங்க கையில் இருந்தது ராணுவ டேட்டாஷீட். தங்கள் வேலைக்கு அந்த எண்கள் என்ன அர்த்தம் என்று அவங்களே உட்கார்ந்து கணக்குப் போட்டாங்க. கிரிட்டை வெளி வளையமா வச்சிருக்காங்களே, அதை அப்படியே சேஸிஸில் முறுக்கினா கிரவுண்டட் கிரிட் சர்க்யூட் சுலபமா வருமேன்னு பார்த்தாங்க. கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிற வால்வை 14 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால், அது நமக்குத் தெரியாமல் விஹெச்எஃப்பில் தானாகவே ஆசிலேட் ஆகும், அதுக்கு ஒரு சப்ரெஸர் போடணும்னு சுட்டுக்கிட்டுக் கத்துக்கிட்டாங்க. வருஷக்கணக்கில் கிடங்கில் தூங்கின வால்வுக்கு உடனே ஹை வோல்டேஜ் கொடுக்கக் கூடாது, முதலில் ஹீட்டரை மட்டும் மணிக்கணக்கில் ஓட்டணும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும், இல்லைன்னா உள்ளே கசிந்திருக்கும் வாயுவால் ஆர்க் அடிக்கும்னு கண்டுபிடிச்சாங்க.

என்னைப் பொறுத்தவரை இன்ஜினியரிங் இதுதான். நம்ம எக்ஸாமில் "கிவன்" என்று தொடங்கி எல்லா மதிப்பும் கொடுத்துடுவாங்க. நிஜத்தில் யாரும் கொடுக்க மாட்டாங்க.

ஒரே பெட்டி, ரெண்டு பதில்

நல்லா டிசைன் பண்ணிட்டோம், இனி கவலை இல்லைன்னு நினைச்சா அங்கேயும் அந்தக் கேள்வி விடாது.

எஸ்எஸ்பி முறையில் பேசும்போது சிக்னல் நம்ம குரலைப் போலவே ஏறி இறங்கும். வார்த்தைக்கு நடுவில் இடைவெளி இருக்கும். நாம நிறுத்தி எதிராளி பேசும்போது வால்வுக்கு முழு ஓய்வு. அதனால சராசரி உச்சத்தை விட ரொம்பக் குறைவு. இப்போ ஹாம்களிடம் பிரபலமான எஃப்டி8 என்கிற டிஜிட்டல் முறைக்கு வாங்க. 15 செகண்ட் ஸ்லாட்டில் சுமார் 12.6 செகண்ட் நிற்காமல் முழு பவர். மூச்சு விட இடமே இல்லை.

குரலுக்குக் கச்சிதமா ஓடின அதே ஆம்ப்ளிஃபையர், அதே வால்வு, அதே செட்டிங், எஃப்டி8-ல் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துச் சூடாக்கிடும். மாறினது நேரம் மட்டும்தான். இதை எனக்கு லேப் வைவாவில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தா பவர் ரேட்டிங் என்ற வார்த்தையை நான் வேற மாதிரி படிச்சிருப்பேன்.

என் சால்டரிங்

இப்போ சொல்ல வெட்கமா இருக்கிற பகுதி.

சாரோட மேற்பார்வையில் நானும் ரூம்மேட்டும் பவர் சப்ளை கட்டினோம். 40 மைக்ரோ ஃபாரட் ஆயில் கெப்பாசிட்டர் ஒன்று. ஆஃப் பண்ணினதும் அதில் உள்ள சார்ஜ் வடிவதற்கு குறுக்கே 100 கிலோ ஓம் பிளீடர் ரெசிஸ்டர். ஆர்சி 4 செகண்ட். ஒரு நிமிஷம் காத்திருந்தால் 15 டைம் கான்ஸ்டன்ட், அதாவது பூஜ்யம். கணக்கு சரி. ஹை வோல்டேஜ் மீட்டர் இன்னும் மாட்டலை. முதல் டெஸ்டுக்கு வேரியாக்கில் 1500 வோல்ட் வரை மட்டும் ஏற்றினோம்.

ஆஃப் பண்ணி, பிளக்கையும் பிடுங்கினோம். போனில் டைமர் வச்சு ஒரு நிமிஷம் ஆனதும் ரூம்மேட் ஒயரைக் கழற்றக் கையை நீட்டினான். சார் "இரு தம்பி" என்று சொல்லிட்டு, கிரவுண்ட் ஒயர் கட்டின ஒரு நீளமான குச்சியை எடுத்து கெப்பாசிட்டர் முனையில் வச்சார்.

டப்.

மாடி முழுக்க அந்தச் சத்தம். முனையில் ஒரு நீல வெளிச்சம். மூணு பேரும் கொஞ்ச நேரம் பேசலை.

பிளீடர் ரெசிஸ்டரின் ஒரு கால் டிரை சால்டர். பார்க்க ஒட்டின மாதிரி இருந்தது, ஒட்டலை. சால்டர் பண்ணினது நான்.

பாதி இன்டு சி இன்டு வி ஸ்கொயர். பன்னிரண்டாவதில் இருந்து எழுதுறோம். 1500 வோல்ட்டில் 45 ஜூல். முழு 2400 வோல்ட்டில் ஓட்டியிருந்தா 115 ஜூல். ஆஸ்பத்திரியில் டிஃபிப்ரிலேட்டர் ஒரு ஷாக்குக்குப் பெரியவங்களுக்குக் கொடுப்பது 120-லிருந்து 200 ஜூல். இங்கே அதுக்குப் பக்கத்திலேயே இருக்கோம், அதுவும் நல்லா துடிச்சிட்டு இருக்கிற இதயத்துக்கு. அவன் கை ஒரு அடி தூரத்தில் இருந்தது. அன்னைக்கு ராத்திரி அவன் அம்மா போன் பண்ணி "சாப்டியாப்பா"ன்னு கேட்டப்போ, பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கிட்டு நான் சுவரைப் பார்த்துட்டு இருந்தேன்.

"ஒரு நிமிஷம் காத்திருந்தால் பூஜ்யம்" என்பதும் ஒரு ரேட்டிங்தான். அதுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது, பிளீடர் ஒட்டியிருந்தால் என்று. நாங்க அதைச் சரிபார்க்கலை. சார் எங்க கணக்கை நம்பலை, குச்சியை நம்பினார். அந்தக் குச்சியால்தான் இந்தக் கட்டுரையை நான் இப்படி எழுத முடியுது.

"இதெல்லாம் எதுக்குடா?"

நீங்க கேட்கப் போறது தெரியும். இன்னைக்கு எல்டிமாஸ் டிரான்சிஸ்டர் இருக்கே, உள்ளங்கை அளவில் கிலோவாட்டுக்கு மேல தருதே, அதுவும் 50 வோல்ட்டில்? ஹீட்டர் சூடாகக் காத்திருக்க வேண்டாம், உயிர் பயம் குறைவு.

சரியான கேள்வி. நேர்மையா சொல்றேன், தூரமா சிக்னல் போகணும் என்பது மட்டும்தான் உங்க நோக்கம் என்றால் எல்டிமாஸ் வாங்குங்க. வால்வு சத்தமே தனி, பழசுதான் கெத்து என்கிற பேச்செல்லாம் எனக்குக் கிடையாது. காசு மிச்சம் என்பதும் பாதிதான் உண்மை. வால்வு மலிவாக் கிடைக்கலாம். டிரான்ஸ்ஃபார்மர், கெப்பாசிட்டர், ஃபேன், டியூனிங் கண்டென்சர் எல்லாம் சேர்த்தா பர்ஸ் அழும்.

ஆனா எல்டிமாஸ் டேட்டாஷீட்டைத் திறங்க. முதல் பக்கத்தில் போட்டிருக்கும் பெரிய வாட் எண் பல்ஸுக்கா, தொடர்ச்சிக்கா? எத்தனை சதவீத டியூட்டி சைக்கிள்? கேஸ் டெம்பரேச்சர் எவ்வளவு? அதே கேள்விதான் அங்கேயும். ரேடார் வால்வில் உச்சத்துக்கும் சராசரிக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் ரொம்பப் பெரிசு, அதனால கண்ணுக்குத் தெரியுது. மற்ற இடத்தில் அது சின்னதா மறைஞ்சிருக்கும்.

இன்னொன்று. நாலு வருஷத்தில் நான் லேபில் தொட்ட அதிகபட்ச வோல்டேஜ் பிரெட்போர்டில் 12 வோல்ட். மெஷின்ஸ் லேபில் இருந்ததை லேப் அண்ணா தொட விடலை. அவர் மேல தப்பில்லை. ஆனா நம்ம பேட்சில் எத்தனை பேர் இவி கம்பெனிகளுக்குப் போறாங்க? கார் பேட்டரி பேக் 400 வோல்ட், சிலதில் 800. இன்வெர்ட்டருக்குள்ளே டிசி லிங்க் கெப்பாசிட்டர் இருக்கு, அதுக்கும் டிஸ்சார்ஜ் சர்க்யூட் இருக்கு, அதுவும் யாரோ ஒருத்தர் சால்டர் பண்ணினதுதான். ஆஃப் பண்ணிட்டோம் என்பதும் சார்ஜ் போயிடுச்சு என்பதும் ரெண்டு வேற விஷயம் என்று நமக்கு எந்தப் பேப்பரிலும் யாரும் சொல்லித் தரலை.

அதனால நான் கேட்பது வால்வு எலெக்டிவ் இல்லை. ஒரே ஒரு மதிய லேப். ஒரு கெப்பாசிட்டர், ஒரு பிளீடர், ஒரு கதவு இன்டர்லாக், ஒரு கிரவுண்ட் குச்சி. பிளீடரை வேணும்னே கழற்றி வச்சுட்டு, தூரத்தில் நின்று, குச்சி வச்சுக் காட்டட்டும். அந்த "டப்" கேட்டவன் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டான். டிபார்ட்மென்டுக்கு ஒரு மதியம் செலவு, அவ்வளவுதான்.

இதைப் படிச்சிட்டு யாராவது ஆன்லைனில் ஒரு பழைய வால்வு வாங்கி ஹாஸ்டல் ரூமில் ஆரம்பிக்க நினைச்சா, தயவு செஞ்சு வேண்டாம். தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்தில் இல்லாம இதைத் தொடக் கூடாது. சில பவர் வால்வுகளின் வெள்ளை செராமிக்கில் பெரிலியம் ஆக்சைடு இருக்கும், உடைஞ்சு தூளானால் நுரையீரலுக்கு விஷம். ரேடாரில் இருந்து கழற்றின சில சின்ன ஸ்விட்ச் ட்யூப்களுக்குள்ளே கதிரியக்கப் பொருளே கொஞ்சம் வச்சிருப்பாங்க. லைசென்ஸ் இல்லாமல் சிக்னல் அனுப்புவது சட்டப்படி குற்றம். நான் ஏஎஸ்ஓசி எக்ஸாமுக்கு இப்போதான் படிச்சிட்டு இருக்கேன். அதுவரை எங்க ஆம்ப்ளிஃபையர் சார் வீட்டில், சார் லைசென்ஸில், சார் கண் முன்னாடிதான்.

அது இன்னும் முடியவும் இல்லை. பிளீடர் இப்போ ஒன்று இல்லை, பக்கத்துப் பக்கத்துல இரண்டு. மீட்டர் மாட்டியாச்சு. மூடியைத் திறந்தால் சப்ளை கட் ஆகுற இன்டர்லாக் ஸ்விட்ச் போன வாரம்தான் வந்தது. அந்தக் கிரவுண்ட் குச்சிக்குப் பெட்டியின் பக்கத்திலேயே ஒரு கொக்கி அடிச்சிருக்கோம். கொக்கியை நான் அடிச்சேன். சால்டரிங் இப்போ ரூம்மேட் பண்றான், நான் ஒவ்வொரு ஜாயின்ட்டையும் இழுத்துப் பார்க்குறேன்.

உங்களுக்கு ஆஃபர் லெட்டர் வந்தா வாழ்த்துகள். பெரிய எண்ணைப் பார்த்து ஸ்டேட்டஸ் போடுறதுக்கு முன்னாடி, ஒரு தடவை மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்க.